இரண்டு தரம் கூப்பிட்டவள்

கஜலட்சுமிக்கு நினைவு வந்தபோது மேலே எங்கேயோ சாவுக்குத் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாராக இருக்கும் என்று யோசித்தாள். மேல் லயத்து வரிசை வீட்டு இருமல்காரக் கிழவராகத்தான் இருக்கும். கண்டி ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று அம்மா போன வாரமே சொன்னாள். பாவம் என்று நினைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள். வலது தொடையில் யாரோ தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை இறக்கியது போல் இருந்தது. கத்தினாள். கத்தியதில் இடப்பக்க விலா குத்தியது. அப்போதுதான் தான் படுத்திருப்பது பாயில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அழுகிய புல்லின் மேல் கிடந்தாள். மலையில் கூலிக்குப் புல் வெட்டும் கொந்தராப்புக்காரர்கள் வெட்டியதைச் சுமக்கச் சோம்பல்பட்டு, மேலே இருக்கும் பெரிய கல்லின் விளிம்பிலிருந்து உருட்டிவிடுவார்கள். அப்படி வருஷக்கணக்காக உருண்ட புல் பாறை இடுக்கில் ஒரு மேடையாகச் சேர்ந்திருந்தது. தோட்டத்துத் தொரை கண்டால் ஏசுவார். ஏச்சு வாங்க வேண்டிய அந்தக் குப்பைதான் இப்போது அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே, பாறையில் குறுக்காக முளைத்த ஒரு டர்பன்டைன் மரம் கிளைகள் முறிந்து நின்றது. அதில் அவள் கழுத்தில் போட்டிருந்த சிவப்பு சால் தொங்கியது. மேடைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. பனி மட்டும்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் போன் பேசலாம். இளசுகள் அதைச் சிக்னல் கல்லு என்பார்கள். பெரியவர்கள் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. முன்பு அங்கிருந்து குதித்தவர்கள் யாரும் பிழைத்ததில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் அங்கே போய் நின்றபோது திகனவிலிருந்து மஸாஹிரா போன் எடுத்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். "எங்கட மாமாட இஸ்கூல்ல ஒரு டீச்சர் தேவையாம்டி, திங்கக்கெழம வந்துடு" என்றாள். லைன் விட்டு விட்டு வந்தது. நல்லாகக் கேட்க வேண்டும் என்று கஜா இரண்டடி முன்னால் நகர்ந்தாள். பாசி. "ஐயோ, வழுக்குதுடீ" என்றாள். அவ்வளவுதான்.

விழும்போது வாழ்க்கை முழுதும் கண்முன் ஓடும் என்பார்கள். ஒரு மண்ணாங்கட்டியும் ஓடவில்லை. ஒரு கால் செருப்பு கழன்றது மட்டும் தெரிந்தது.

தப்பு நிற்காமல் அடித்தது. அடிக்கிறது சித்தப்பா அழகையா என்று அவளுக்குத் தெரியும். அவர் அடிக்கு ஒரு நொண்டல் உண்டு. கடைசி அடியைக் கொஞ்சம் இழுத்துப் போடுவார். ஆனால் சத்தம் லயத்துப் பக்கமிருந்து வரவில்லை. நேர் தலைக்கு மேலே, கல்லின் மேலிருந்து வந்தது. கிழவருக்கு ஏன் இங்கே வந்து அடிக்கிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் குரல் ஒப்பாரியாக இறங்கியது.

"பட்டம் வாங்கி வந்த கிளி
பள்ளத்துல விழுந்திருச்சே
கட்டிக்கிடச் சொன்னேனே
கல்லேறிப் போயிருச்சே..."

ஒப்பாரி யாருக்கு என்று கஜாவுக்குப் புரிந்தது. தோட்டத்தில் பட்டம் வாங்கிய கிளி அவள் ஒருத்திதான்.

அவர்கள் அப்படி நினைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்கு அவளே வழி பண்ணியிருந்தாள். காலையில் கங்காணி வீட்டார் நாள் குறிக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர் மகன் ரமேஸ், கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். கெட்டவன் இல்லை. "படிச்ச புள்ள வீட்ல இருந்து எங்கம்மாவ நல்லாப் பாத்துக்கும்" என்று சொன்னவன், அவ்வளவுதான். கங்காணி சொல்லை மீறி அந்த லயத்தில் யாரும் கோழி கூட வளர்க்க முடியாது. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அவர் மருமகளாவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அம்மா பாப்பம்மா வெற்றிலைத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். கஜா வீட்டு நடுக் காம்பராவில் நின்று கத்தினாள்: "அவனக் கட்டுறதுக்கு சிக்னல் கல்லுல இருந்து குதிச்சிரலாம்!"

லயத்துச் சுவர் மெலிசு. அந்தக் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

இதெல்லாம் காலையில். பின்னேரம் ஆள் கல்லிலிருந்து விழுந்தால் யார்தான் வழுக்கியது என்பார்கள்?

"அம்மா!" என்று கூப்பிட்டாள். விலா வலியில் பாதிக் குரல்தான் வந்தது. அதைத் தப்பு விழுங்கியது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி விழுங்கியது. பனியில் சத்தம் கீழ்நோக்கி நன்றாகவே வந்தது. மேலே பேசுகிறது கூடத் துண்டுதுண்டாகக் கேட்டது.

"பொலிஸ்ல என்னா சொன்னாங்க?"

"காலைல வந்து பாக்கிற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாதாம். பொணத்தத் தொட்டா நம்ம மேல கேஸாம்."

"சால் மட்டும்தான் தொங்குது. ஆளு ஆத்தடிக்கே போயிருக்கும்."

"அதுக்காகத் தனியா விட முடியுமா? காட்டுப்பன்னி கொதறிப் போட்டுரும். நெருப்ப மூட்டுங்க. விடியிற வரைக்கும் அடிப்போம். புள்ள தனியாக் கெடக்கக் கூடாது." இது சித்தப்பா. குரல் உடைந்திருந்தது.

அடப் பாவிகளா. அவள் தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் அடிக்கிறார்கள். அடிக்கிறதால்தான் அவள் தனியாகக் கிடக்கிறாள்.

இன்னொன்றும் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. தப்பு அடிக்கிற வேலையே வேண்டாம் என்று அவள் சித்தப்பாவிடம் எத்தனை தரம் சண்டை போட்டிருக்கிறாள். கோயிலுக்குள் விடமாட்டார்கள், சாவு வந்தால் மட்டும் ஆள் அனுப்புவார்கள். "நான் செத்தாலும் எனக்கு அடிக்கக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே அடித்துச் சத்தியம் பண்ணினார். உயிரோடு இருக்கும்போதுதான் இவர்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை என்றால், செத்த பிறகும் கேட்கவில்லை.

கோபம் நல்லதாகப் போயிற்று. கோபம் வந்தால் வலி கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

அப்போது போன் அடித்தது. மேடையின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, மானாப்புல்லுக்குள் திரை மினுங்கியது. மஸாஹிராவாகத்தான் இருக்கும். கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் போனுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. இன்னும் கொஞ்சம் சரிந்தாள். புல்மேடை ஒரு பக்கமாகப் பிய்ந்து, ஒரு கட்டி உருண்டு போய், விழுந்த சத்தமே கேட்காமல் பனிக்குள் மறைந்தது. கஜா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் ஒட்டிக்கொண்டாள். போன் அடித்து ஓய்ந்தது. பிறகும் அடித்தது. லயத்தில் ஒரு கோடு சிக்னலுக்கு நாயாய் அலைந்தவள். இங்கே நாலு கோடும் இருக்கிறது போல.

காலில் ஏதோ ஊர்ந்தது. அட்டை. ஒன்று இல்லை, பல. குனிந்து பிடுங்க முடியவில்லை. குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

பனி கறுக்கத் தொடங்கியது. இனிக் கொஞ்ச நேரம்தான். இருட்டினால் குளிரும், அவள் மேல் கமீஸ் ஒன்றுதான், அதுவும் நனைந்திருந்தது. விடியும்வரை தாங்குவோமா என்று அவள் யோசிக்கவே விரும்பவில்லை. ஒரு வழிதான் இருந்தது. தப்பு நிற்க வேண்டும். நிற்கும், அதுவும் அவளுக்குத் தெரியும். பனியில் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்தால் 'டண்' என்கிறது 'தொப்' என்று கேட்கும். அப்போது நெருப்பில் காய்ச்சாமல் அடிக்க முடியாது. சின்ன வயதில் அந்த நெருப்புக்குக் காகிதம் பொறுக்கிப் போட்டவள் அவள்தான்.

காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். டண் என்றது மெல்ல மெல்லத் தடித்தது. தொப். தொப். நின்றது.

முழு மூச்சையும் திரட்டினாள். "சித்தப்பா!"

மேலே சலசலப்பு அப்படியே அறுந்தது. அம்மாவின் ஒப்பாரியும் நின்றது. கேட்டுவிட்டது!

"சித்தப்பா!"

யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. நெருப்பில் சுள்ளி வெடிக்கிறது இங்கே கேட்கும்போது அவர்களுக்கு இது கேட்காதா?

பிறகு அவளுக்குப் புரிந்தது. அந்தி நேரத்தில் பெயரோ முறையோ சொல்லி யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரத்துக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். பேய்க்கு இரண்டு தரம்தான் கூப்பிட வரும்; அதற்குள் வாயைத் திறந்தால் திறந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் பழகுகிற பாடம் இது. மேலே அவர்கள் எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவதுக்காக.

கஜா வாயைத் திறந்தாள். விலா குறுக்கே வந்து விழுந்த மாதிரி மூச்சை மறித்தது. இருமல் வந்தது. இருமலோடு உப்புக்கரிக்கும் எதுவோ தொண்டைக்கு வந்தது. "சி" என்பது கூட வரவில்லை.

மேலே பொறுத்துப் பார்த்தார்கள். நியாயமாகச் சொன்னால், நல்ல நேரம் பொறுத்தார்கள்.

"ரெண்டுதான்" என்றது கங்காணியின் குரல். "பாத்தீங்களா? ரெண்டோட நின்னுருச்சு. யாரும் வாயத் தொறக்காதீங்க. அழகையா, அடி. நல்லா அடி!"

நெருப்பில் காய்ந்த தப்பு முன்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெடித்தது. இப்போது காவலுக்கு அடிக்கவில்லை. விரட்டுவதற்கு அடித்தார்கள்.

கஜா அழுதாள். விழுந்ததற்கு அழவில்லை, கால் முறிந்ததற்கு அழவில்லை; இதற்கு அழுதாள். அளவையியலில், அதுதான் தர்க்கப் பாடத்தில், ஏ எடுத்தவள் தான் பேய் இல்லை என்று ஒரு பள்ளத்துக்குள் கிடந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் மூச்சு விடமுடியாமல். பேய் என்ன செய்யும்? பெயர் சொல்லிக் கூப்பிடும். இனிக்க இனிக்கக் கூப்பிடும். வா வா என்னும். அப்படியானால் பேய் செய்யாததை அல்லவா செய்ய வேண்டும்?

முழங்கையை ஊன்றி, முதுகைப் பாறையில் சாய்த்து ஏறினாள். தொடை உயிர் போகிற மாதிரி வலித்தது. சாய்ந்து உட்கார்ந்ததும் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. பெரிய மூச்சு வேண்டாம், சின்னச் சின்னதாக எடுத்துக்கொள்ளலாம். வேகமாக அடித்தால் வேகமாகத் தொய்யும். காத்திருந்தாள். தொப். தொப்.

நின்றது.

"எழவெடுத்த தப்ப நிறுத்துங்க! செத்தாலும் அடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுனீங்கல்ல? அடிச்சுப் பண்ணுனீங்கல்ல? எங்க போச்சு சத்தியம்?"

ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி கத்தினாள்.

"பேய்க்குக் கால் இருக்காதும்பீங்க. எனக்கு ரெண்டு இருக்கு! ஒன்னு ஒடஞ்சு போச்சு! அட்ட ரத்தத்தக் குடிக்குது, பேய்க்கு ஏதுய்யா ரத்தம்? ஏ கங்காணி! பொணத்துக்குக் காவல் நிக்கிற மூஞ்சியப் பாரு. எறங்கிப் பாக்கப் பயம்னு சொல்லு, பொலிஸ் மேல பழியப் போடாத!"

கங்காணிக்குக் கோபம் வந்தது குரலில் தெரிந்தது. "பேயேதான். செத்தும் வாய் அடங்கல பாரு."

"பேய் இப்பிடியா ஏசும்?" என்றார் யாரோ.

"அம்மா! மத்தியானம் கறியில உப்பே இல்ல, நா ஒன்னும் சொல்லாமத் தின்னுட்டுத்தான் வந்தேன், அதுக்கு இப்பச் சொல்றேன், உப்பே இல்ல!"

அதற்கு மேல் வரவில்லை. பாறையில் தலையைச் சாய்த்துவிட்டாள். முடிந்தது. இனி அடித்தால் அடிக்கட்டும்.

"அது எம் மக வாய்" என்றாள் பாப்பம்மா.

"பாப்பம்மா, சும்மா இரு. பதில் சொன்னேன்னா ஒன்னையும் இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்றார் கங்காணி.

"இழுத்துக்கிட்டுப் போகட்டும். இங்க இருந்து என்னா பண்ணப் போறேன்?" பாப்பம்மா விளிம்புக்கு வந்திருக்க வேண்டும், சின்னக் கற்கள் உருண்டு வந்தன. "ஏண்டி! உப்பு இல்லாட்டிப் போட்டுத் திங்க வேண்டியதுதானடி! கை இல்லயா ஒனக்கு?"

கஜா வாயைத் திறந்து சிரித்தாள். விலா கொன்றது. "இருக்கும்மா" என்றாள். மேலே கேட்டதோ என்னவோ.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மாடு கட்டும் காலைக்கு ஒருவர் கயிறு எடுக்க ஓடினார். பாப்பம்மா கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் படங்குத் துணியை அவிழ்த்து அழகையாவிடம் எறிந்தாள். அழகையா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, டோர்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, டர்பன்டைன் மரம் வரைக்கும் வந்து, அங்கிருந்து வழுக்கி மேடைக்கு வந்து சேர்ந்தார். அவள் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். சூடு இருக்கிறதா என்று பார்த்தாராம், பிறகு சொன்னார்.

"ஏம் புள்ள குதிச்ச?"

"குதிக்கல சித்தப்பா. வழுக்கிருச்சு."

"சரி சரி. பேசாத." காய்ச்சல்காரியிடம் சொல்வது போல் சொன்னார். காலுக்கு இரண்டு பக்கமும் கிளையை வைத்துப் படங்கைக் கிழித்துக் கட்டினார். கட்டும்போது அவள் கத்திய கத்தலில் மேலே யாருக்கும் பேய்ச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்காது.

போன் மறுபடி அடித்தது. அழகையா கயிற்றோடு குனிந்து எட்டி எடுத்து, காதில் வைத்தார்.

"கஜா? கஜா! வழுக்குது என்டு கத்தினியே, எங்கடி விழுந்து கெடக்கிற? உசிரோட ஈக்கிறியா?" என்று மஸாஹிராவின் குரல் கத்தியது.

அழகையா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கஜாவைப் பார்த்தார். "இருக்கும்மா" என்றார் போனிடம். "எங்க புள்ள இருக்கு."

சாக்குத் தொட்டிலில் கட்டி மேலே இழுத்தார்கள். பாதி வழியில் பிடி மாற்றுவதற்காக நிறுத்தினார்கள். கஜா அந்தரத்தில் தொங்கினாள். மேலே கங்காணி கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அட்சரம் பிசகாமல் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. புள்ள வழுக்கித்தான் விழுந்துச்சு. பாசி. பொலிஸ் கேட்டாலும் ஆஸ்பத்திரில கேட்டாலும் அதான். எம் மகனக் கட்டப் பயந்து ஒருத்தி குதிச்சான்னு வெளிய போகக் கூடாது. அம்மன் காப்பாத்திக் குடுத்திருக்கா. கால் சேந்ததும் தேதிய வச்சிருவோம்."

கஜாவுக்குத் திக்கென்றது. உண்மையைத்தான் சொல்கிறார். முதல் முறையாக, அவள் வாயிலிருந்து கேட்காமலே, உண்மையைச் சொல்கிறார்.

"அவ குதிச்சா" என்றாள் பாப்பம்மா.

"பாப்பம்மா!"

"பெத்தவ சொல்றேன், குதிச்சா. ஒங்க வீட்டுக்கு வர மாட்டேன்னுதான் குதிச்சா. வாயால சொன்னப்ப நா கேக்கல. இனிமே தட்டத் தூக்கிட்டு எவனாச்சும் வந்தீங்க, அடுத்தது நாந்தான் குதிப்பேன்."

இழுத்தார்கள். கல்லின் மேல் அவளைக் கிடத்தினார்கள். முகம் முகமாகக் குனிந்தது. நெருப்பு எரிந்தது, அதன் பக்கத்தில் தப்பு கவிழ்ந்து கிடந்தது. தோட்டத்து லொறி வந்துகொண்டிருந்தது, வளைவில் அதன் வெளிச்சம் தெரிந்தது. அசைய முடியாது. சுற்றி நிற்கிறவர்கள் கால்களின் இடுக்கில் தெரிகிறதுதான் தெரிந்தது.

அம்மா மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அழுத்தினாள். பேசாதே என்கிற அழுத்தல். அம்மா உண்மையாகவே அப்படி நம்பினாளா, அல்லது தெரிந்தே சொன்னாளா? அந்தக் கண்ணைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சும்மா இருந்தால் போதும். குதித்தவள் என்று பேர் எடுத்துக்கொண்டால் போதும், கங்காணி வீட்டு வாசல் தானாகவே சாத்திக்கொள்ளும். ஆனால் திகனப் பள்ளிக்கூட வாசலும், வேறு எல்லா வாசலும் கூடச் சாத்திக்கொள்ளும். இனி அவள் எதற்குக் கோபப்பட்டாலும், கல்லுக்குப் போய்விடுவாள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்பார்கள். அவள் பேச்சை ஒருவரும் பேச்சாக எடுக்கமாட்டார்கள். பேயின் பேச்சு மாதிரி.

கங்காணி குனிந்தார். "நீயே சொல்லு புள்ள. குதிச்சியா, விழுந்தியா?"

"விழுந்தேன்."

அம்மாவின் பிடி தளர்ந்தது. கங்காணியின் முகம் நெருப்பு வெளிச்சத்தில் மலர்ந்தது. "பாத்தீங்களா! நா சொல்லல?"

"ஆனா கட்டமாட்டேன்."

"ரெண்டுல ஒன்னச் சொல்லு புள்ள. விழுந்தேங்கிற, அப்பறம் என்னா?"

"ரெண்டும்தான். வழுக்கி விழுந்தேன். ஒங்க மகனக் கட்டமாட்டேன்."

கங்காணி சிரித்தார். ஒருவரும் சிரிக்காததால் நிறுத்தினார். "மயக்கத்துல பேசுது" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும், அப்பறமாப் பேசுவோம். தூக்குங்க."

இரண்டு பேர் சாக்கின் முனையைப் பிடித்தார்கள். கஜா இன்னொரு தரம் சொல்லப் பார்த்தாள். விலா மறுபடி குறுக்கே விழுந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கங்காணி காத்திருக்கவில்லை. "ம், தூக்குங்கடா" என்றார்.

"கீழ வைங்க" என்றாள் பாப்பம்மா.

வைத்தார்கள். அவள் மகளின் தலையை மடியில் தூக்கிச் சாய்த்து வைத்துக்கொண்டாள், மூச்சு இலகுவாக வருகிற மாதிரி. அழகையா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். லொறி ஹோர்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

"மெதுவா" என்றாள் பாப்பம்மா. "மூச்சப் புடிச்சுக்கிட்டு மூணாந்தரம் சொல்லு. நாங்க நிக்கிறோம்."

கஜா விலா குத்தக் குத்த மூச்சை உள்ளே இழுத்தாள்.